முதல் சுற்றில் யாரை எடுப்பது? எல்லாக் காலத்து ஹாக்கி வீரர்களுக்கும் மதிப்புப் போடுவது பற்றி

2025ஆம் ஆண்டின் இறுதியில் ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, நாகர்கோவிலிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் ஒரு வேன் பிடித்து மதுரைக்குப் போய் வந்தோம். திரும்பும் வழியில் கோவில்பட்டியில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் யாரோ ஒருவர் தயான் சந்தின் பெயரை எடுத்தார். அங்கே தொடங்கிய பேச்சு, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் கண்ணில் படத் தொடங்கிய பிறகும் ஓயவில்லை. ஹாக்கி வரலாற்றில் ஆடிய எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே மைதானத்தில் நிறுத்த முடியுமென்றால், நீ யாரை முதலில் உன் பக்கம் அழைப்பாய் என்பதுதான் கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தக்கலைப் பக்கத்து வாசகசாலை ஒன்றில் உட்கார்ந்து, எட்டு அணிகளுக்குப் பதினாறு பேர் வீதம் 128 வீரர்களைப் பிரித்தெடுப்பது என்று முடிவாயிற்று. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டார். பெயர், நாடு, ஆடிய இடம், ஆடிய காலம் என்று நான்கு பத்திகள் கோடு போட்ட ஒரு நீள நோட்டை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

டிராஃப்ட் எனப்படும் இந்த விளையாட்டின் ஒழுங்கு எளிமையானது. முதல் சுற்றில் ஒன்றாமவரிலிருந்து எட்டாமவர் வரை ஆளுக்கு ஒரு வீரரை எடுப்பார்கள்; இரண்டாம் சுற்றில் வரிசை திரும்பி எட்டாமவரிலிருந்து ஒன்றாமவருக்கு வரும். பாம்பு வளைவதைப் போல இப்படியே பதினாறு சுற்றும் ஓடும். முதல் இடம் கிடைத்தவருக்கு ஒன்றாவது வீரரும் பதினாறாவது வீரரும் கிடைப்பார்கள். எட்டாம் இடத்துக்காரருக்கு எட்டாவதும் ஒன்பதாவதும் அடுத்தடுத்து வரும். சீட்டுக் குலுக்கலில் எனக்கு ஆறாம் இடம் விழுந்தது. அதாவது ஆறாவதும் பதினோராவதும் என்னுடையவை. இடையில் நான்கு வீரர்கள் வேறு அணிகளுக்குப் போய்விடுவார்கள். நான் இங்கே விளக்க விரும்பும் கணக்கு முழுவதும் அந்த நான்கு பேருக்குள்தான் இருக்கிறது.

ஒரு வீரர் எவ்வளவு பெரியவர் என்பதும், அவரை எந்தச் சுற்றில் எடுக்க வேண்டும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். பெருமையை மட்டும் பார்த்து வரிசைப்படி எடுத்துக்கொண்டே போனால், அணியில் முன்கள நடுவில் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டுகள் ஐந்து பேர் இருப்பார்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்க ஆளிருக்காது. ஒருவரை இப்போது விட்டுவிட்டால், அடுத்த முறை என் கை வரும்போது அந்த இடத்துக்கு மிஞ்சியிருக்கப் போகிறவர் யார், அவருக்கும் இவருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே அந்த வீரரின் விலை. சந்தையில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாளை கூடை கூடையாகக் கரைக்கு வந்த நாளில் அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் விலை இறங்கித்தான் இருக்கும். ஒரேயொரு நெய்மீன் வந்த நாளில் அதற்கு முன்னால் கூட்டம் நிற்கும்.

சின்ன வயதில் நாங்கள் இதைவிட நுட்பமான முறை ஒன்றை வைத்திருந்தோம். உத்தி பிரித்தல் என்று அதற்குப் பெயர். திறமையில் ஏறக்குறைய சமமான இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுத் தூரமாகப் போய், ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். வந்து, கொல்லாம்பழம் வேண்டுமா, அயனிப்பழம் வேண்டுமா என்று தலைவர்களிடம் கேட்பார்கள். தலைவன் எதைச் சொன்னாலும் இரண்டு அணிக்கும் ஒத்த வலு போய்ச் சேரும். அந்த முறையில் முக்கியமான வேலை தேர்வு நடப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: யாருக்கு யார் சமம் என்பதைப் பையன்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எல்லாக் கால வீரர்களை ஒப்பிடும்போதும் அந்தச் சோடி சேர்க்கும் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கோல்கீப்பரைக் கோல்கீப்பரோடும், நடுக்களத்தின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃபை சென்டர் ஹாஃபோடும் நிறுத்திப் பார்க்காமல், மொத்தமாக ஒரே வரிசையில் வைத்தால் கோல் அடித்தவர்களே மேலே வருவார்கள்.

ஆனால் காலம் குறுக்கே நிற்கிறது. தயான் சந்தை எடுத்துக்கொள்வோம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 29இல் 14 அவருடையவை. 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் மூன்றே அணிகள்தான் வந்திருந்தன. இந்தியா அமெரிக்காவை 24-1 என்றும் ஜப்பானை 11-1 என்றும் வென்றது. அந்த இரண்டு ஆட்டங்களில் தயான் சந்த் 12 கோல் அடிக்க, அவருடைய தம்பி ரூப் சிங் 13 அடித்தார். எங்கள் கூட்டத்தில் இளையவரான ஒருவர், 24-1 என்று முடிகிற ஆட்டத்தை ஆட்டமாகவே எண்ணக்கூடாது என்று வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. 1932ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிட நான் ஒப்புக்கொள்வேன். அந்த இரண்டு ஆட்டங்கள் எந்த வீரரையும் எந்த வீரரிடமிருந்தும் பிரித்துக் காட்டவில்லை.

1936ஐ அப்படித் தள்ள முடியாது. பெர்லினில் போட்டி தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. அந்தத் தோல்வியால் கலங்கிப்போய்தான் அலி தாரா என்ற வீரரை இந்தியாவிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை, தயான் சந்த் தலைமையில், இந்தியா 8-1 என்று வென்றது. நான்கு வாரங்களுக்கு முன் தன்னை வென்ற அணியை, அதன் சொந்த மண்ணில், ஏழு கோல் வித்தியாசத்தில் வீழ்த்துவதை எதிரிகள் எளியவர்கள் என்று சொல்லி ஒதுக்க இயலாது. எங்கள் டிராஃப்டில் முதல் பெயராக அவரே போனார். அது சரியான தேர்வு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எதிரணியின் தரத்தை அளக்க வழியில்லாதபோது நான் பயன்படுத்தும் அளவுகோல், தன் அணி அடித்த கோல்களில் ஒருவருக்கு எத்தனை பங்கு என்பது. 1928இல் தயான் சந்தின் பங்கு ஏறக்குறையப் பாதி. 1952இல் ஹெல்சிங்கியில் இந்தியா மூன்றே ஆட்டங்கள் ஆடி 13 கோல் அடித்தது. அவற்றில் ஒன்பது மூத்த பல்பீர் சிங்குடையவை. அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிரான மூன்றும் அவர் அடித்தவை. நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 6-1இல் ஐந்து அவருடையவை. ஆடவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் வேறு எவரும் அதைத் தாண்டவில்லை. இந்த அளவுகோலில் பல்பீர் தயான் சந்தைவிட உயரமாகவே தெரிகிறார். மூன்று ஆட்டங்களை வைத்து ஒரு வீரரை அளப்பது சரியா என்ற எதிர்க்கேள்விக்கு, 1948இல் லண்டனில் இங்கிலாந்துக்காரர்களின் மண்ணிலேயே பிரிட்டனை 4-0 என்று வென்ற இறுதியில் முதல் இரண்டு கோலும் அவருடையவை என்பது என் பதில். எங்கள் வரிசையில் அவர் ஐந்தாவதாகத்தான் போனார். எனக்கு ஓரிடம் முன்னால் அவரைக் கொண்டுபோனவர் அன்றைக்கு மிக மலிவாக வாங்கினார் என்பேன்.

மைதானத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் எங்கும் நகராது. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கை இழை மைதானத்துக்குப் போனது. அதுவரை எல்லா ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிவந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் மட்டை பிடித்தவர்களுக்கு அந்த வேறுபாடு கையில் பதிந்திருக்கும். இரண்டு பருவமழையும் நனைக்கிற செம்மண் தரையில் காலையில் ஆட இறங்கினால், பந்து நேராக வருவதுபோல் வந்து, கடைசி ஓரடியில் ஒரு சரளைக்கல்லில் தட்டி முழங்காலுக்கு எழும்பும்; மல்பெரி மரத்து மட்டையை நாம் சாய்த்துப் பிடித்திருந்த கோணம் வீணாகிவிடும். கண்ணை நம்பி ஆட முடியாது, மணிக்கட்டு கடைசி நொடியில் வளைய வேண்டும். அந்த மணிக்கட்டுதான் இந்தியாவும் பாகிஸ்தானும் ஐம்பது ஆண்டுகள் உலகை ஆண்டதற்குக் காரணம். தண்ணீர் தெளித்த நீல மைதானத்தில் பந்து சொன்ன இடத்துக்கு வரும். அங்கே ஓட்டமும் உடல்வலுவும் கோல் வட்டத்துக்குள் பந்தைச் செலுத்தும் திட்டமும் மேலோங்கின.

விதிகளும் அதோடு சேர்ந்து மாறின. 1992இல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்றானது. எதிரணியின் பின்களத்தைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக்கூடாது என்ற ஆஃப்சைட் விதி 1996இல் சோதனையாக நீக்கப்பட்டு 1998இல் நிரந்தரமாகப் போனது. முப்பத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதிகளையும் மாற்றாளின்றி ஓடிய ஒரு சென்டர் ஹாஃபையும், ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒரு முறை வெளியே வந்து மூச்சு வாங்கிப் போகிற இன்றைய நடுக்கள வீரரையும் ஒரே தராசில் வைக்கும் முன், எந்த விதியில் ஆடப் போகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் அன்று அதைச் சொல்லாமலேயே தொடங்கிவிட்டோம். பின்னால் வந்த சச்சரவுகளில் பாதிக்கு அதுவே காரணம்.

இரண்டாவது தேர்வு அதற்கு நல்ல சான்று. எங்களில் இரண்டாம் இடத்துக்காரர் பாகிஸ்தானின் சோகைல் அப்பாஸை எடுத்தார். 311 ஆட்டங்களில் 348 கோல். நெதர்லாந்தின் பால் லிட்யென்ஸ் நெடுநாள் வைத்திருந்த உலக சாதனையை 2004இல் முறியடித்தவர். அவருடைய கோல்களில் மிகப் பெரும்பான்மை பெனால்ட்டி கார்னரில், அதாவது எதிரணி கோல் வட்டத்துக்குள் தவறு செய்யும்போது கிடைக்கும் வாய்ப்பில், பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் மூலம் வந்தவை. இன்றைய சந்தை இத்திறமைக்கு என்ன விலை வைக்கிறது என்பதை 2024 அக்டோபரில் நடந்த இந்திய ஹாக்கி லீக் ஏலத்தில் பார்த்தோம். இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்கு, அந்த ஏலத்திலேயே மிக உயர்ந்த விலைக்குப் போனார். அவரும் பின்களத்தில் நின்று ஆடி, பெனால்ட்டி கார்னரில் முன்வந்து அடிப்பவர். இன்றைய விதியில், இன்றைய மைதானத்தில் ஆடுவதென்றால் சோகைலை இரண்டாவதாக எடுத்ததில் தவறில்லை.

ஆனால் அதே சோகைலை 1956ஆம் ஆண்டின் புல்தரையில் நிறுத்தினால் பந்து அவர் மட்டையில் ஒட்டி இழுபடாது. லிட்யென்ஸ் 177 ஆட்டங்களில் 260க்கு மேல் கோல் அடித்தவர், ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை. கோல் வேகத்தில் அவர் சோகைலைவிட முந்துகிறார். அடித்து ஆடும் பழைய முறையில் வளர்ந்தவர் என்பதால் புல்தரையிலும் அவருக்கு வேலை உண்டு. எங்கள் டிராஃப்டில் அவர் ஐந்தாம் சுற்று வரை கிடந்தார். கணக்கிடும் முறையை மாற்றினால் விலை எப்படிக் கவிழும் என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். 2016இல் இந்திய ஹாக்கி லீக் ஒரு புதிய விதி கொண்டுவந்து, களத்தில் ஆடி அடிக்கும் கோலை இரண்டு கோலாக எண்ணியது. அப்படி எண்ணினால் டிராக் ஃபிளிக் வல்லுநர்களின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகிவிடும். பாகிஸ்தானின் ஹசன் சர்தாரைப் போல வட்டத்துக்குள் மூன்று பேரை ஏமாற்றிப் போகிறவர்களின் மதிப்பு ஏறிவிடும்.

மூன்றாவதாகப் போன பெயர் தன்ராஜ் பிள்ளை. இங்கே நான் கவனமாகவே எழுத வேண்டும். ஏனென்றால் தொண்ணூறுகளில் வளர்ந்த எங்களுக்கு அவர் வெறும் வீரர் மட்டும் ஆகமாட்டார். புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகள், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பைகள் ஆடியவர். 1998இல் பாங்காக் ஆசியப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. தலைமுடி பறக்க அவர் வலப்பக்கம் வெட்டி ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் அந்த ஓட்டம் மறக்காது. ஆனால் அவரிடம் ஒலிம்பிக் பதக்கமோ உலகக் கோப்பைப் பதக்கமோ இல்லை. அதை அவர்மேல் குறையாக ஏற்றக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நலிந்த அணியில் ஆடிய மேதைக்குப் பதக்கம் வராதது, வலுவான அணியில் ஆடிய சாதாரணருக்குப் பதக்கம் வருவதைப் போன்றதுதான். இரண்டுமே அந்த மனிதரைப் பற்றிக் குறைவாகவே சொல்கின்றன. ஆனாலும் மூன்றாவது இடம் அவருக்கு அதிகம். அவர் ஆடிய முன்கள இடத்துக்குப் பாகிஸ்தானின் ஷாபாஸ் அகமது இருக்கிறார், 1990, 1994 என்று அடுத்தடுத்த இரண்டு உலகக் கோப்பைகளிலும் சிறந்த வீரராகத் தேர்வானவர். ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையர் இருக்கிறார், ஐந்து முறை உலகின் சிறந்த வீரர். 1982 உலகக் கோப்பையை வென்று தந்த ஹசன் சர்தார் இருக்கிறார். அந்தப் பக்கம் சாளைக் கூடை நிறைந்து கிடக்கிறது. இரண்டாம் சுற்றின் நடுவில் தன்ராஜை எடுத்திருந்தால் அன்பும் கணக்கும் ஒத்துப்போயிருக்கும்.

நான்காவதாக நெதர்லாந்தின் தேயுன் டி நோயர் போனார். 453 சர்வதேச ஆட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். வாதமில்லாமல் முடிந்த ஒரே தேர்வு அது.

என் முறை வந்தபோது பல்பீர் போய்விட்டார். எல்லோரும் நான் ஷாபாஸைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் சங்கர் லட்சுமணனைச் சொன்னேன். அறையில் பெரும் சத்தம். முதல் சுற்றில் கோல்கீப்பரா என்று பக்கத்தில் இருந்த அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தே விட்டார். நடுவராக இருந்த ஆசிரியர் மட்டும் பென்சிலை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே சொன்னார்: "மக்கா, கோல் அடிக்கதுக்கு ஆளு வரிசையில நிக்கான். தடுக்கதுக்கு எத்தன பேரு உண்டும்னு எண்ணிப் பாத்தியளா?"

எண்ணிப் பார்க்கலாம். 1956, 1960, 1964 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் இந்தியா பாகிஸ்தானைச் சந்தித்தது. முடிவுகள் 1-0, 0-1, 1-0. மூன்றிலும் இந்தியாவின் கோல் கம்பத்தைக் காத்தவர் லட்சுமணன். அக்காலத்தின் மிக வலுவான எதிரிக்கு எதிராக மூன்று இறுதி ஆட்டங்களில் அவர் விட்டது ஒரே ஒரு கோல், 1960இல் ரோமில் நசீர் புந்தா அடித்தது. 1956இல் மெல்போர்னில் அந்தப் போட்டி முழுவதும் இந்தியா 38 கோல் அடித்து ஒன்றுகூட வாங்கவில்லை. (கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1, அந்த இறுதி ஆட்டம் நடந்தது டிசம்பர் 6. புதிய மாவட்டத்துக்காரர்கள் கொண்டாடிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது என்று எங்கள் ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.) இன்றைய தலைக்கவசமும் தடித்த நுரைக் கவசங்களும் இல்லாத காலத்தில் செய்த காவல் அது.

அவரை விட்டால் மிஞ்சுவோர் யார்? பெல்ஜியத்தின் வின்சென்ட் வனாஷ் இருக்கிறார். 2018 உலகக் கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் ஆகிய இரண்டு இறுதி ஆட்டங்களும் சமனில் முடிந்து, ஒருவருக்கு ஒருவர் எட்டு விநாடி மோதும் ஷூட்அவுட்டுக்குப் போனபோது, இரண்டு முறையும் அணியைக் கரைசேர்த்தவர். எல்லைக்கு அப்பால் எர்ணாகுளத்திலிருந்து வந்த ஸ்ரீஜேஷ் இருக்கிறார். டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் 5-4 என்று நின்றபோது கடைசி நொடிகளில் ஜெர்மனியின் பெனால்ட்டி கார்னரைத் தடுத்தவர். பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு பிரிட்டனைச் சமனில் நிறுத்தி, ஷூட்அவுட்டில் 4-2 என்று வெல்ல வைத்தவர். இவர்களுக்குப் பின் பட்டியல் சட்டென்று சரிகிறது. எட்டு அணிக்கு எட்டு கோல்கீப்பர் வேண்டும். முதலாமவருக்கும் எட்டாமவருக்கும் உள்ள தூரம், முன்கள வீரர்களில் முதலாமவருக்கும் எட்டாமவருக்கும் உள்ள தூரத்தைவிட மிக அதிகம்.

நடந்ததும் அப்படியே. ஏழாவதாக ஷாபாஸ், எட்டாவதாக டுவையர், ஒன்பதாவதாக நெதர்லாந்தின் பெனால்ட்டி கார்னர் மன்னன் போவலாண்டர், பத்தாவதாக ஸ்ரீஜேஷ் என்று போன பிறகு, பதினோராவதாக என் கை திரும்பியபோது ஹசன் சர்தார் எனக்காகக் காத்திருந்தார். ஷாபாஸுக்குப் பதில் ஹசன் சர்தார் என்பதில் நான் இழந்தது மிகக் கொஞ்சம். லட்சுமணனை விட்டு ஷாபாஸை எடுத்திருந்தால், பதினோராவதாக எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய கோல்கீப்பர் வனாஷ் ஒருவர்தான். அவரும் அதற்குள் போயிருந்தால் என் கம்பம் திறந்தே கிடந்திருக்கும்.

பெண் வீரர்களை இதில் சேர்க்காதது எங்கள் பிழை என்றே கருதுகிறேன். அர்ஜென்டினாவின் லூசியானா அய்மார் எட்டு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர். தன் காலத்துச் சக வீரர்களைவிட எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதே அளவுகோலானால், தயான் சந்துக்கு அடுத்த பெயராக அவருடையதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அடுத்த டிராஃப்டுக்கு இரண்டு விதிகளை ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆட்டங்களில் பாதி, ஆஃப்சைட் உள்ள பழைய விதியில் புல்தரையில் நடப்பதாகக் கொள்ள வேண்டும். மீதிப் பாதி இன்றைய விதியில் நீல மைதானத்தில். அப்படி வைத்தால், இரண்டு தரையிலும் நிற்கக்கூடிய அஜித்பால் சிங்கைப் போன்ற சென்டர் ஹாஃப்கள் முதல் இரண்டு சுற்றுகளுக்கு ஏறிவிடுவார்கள். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பைக்குத் தலைமை தாங்கிய அவரை, நாங்கள் அன்று ஆறாம் சுற்று வரை நினைக்கவேயில்லை.

கடைசிச் சுற்றில் என் இடம் 123. ஏழு மணி நேரமாகியிருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அலி தாரா என்றேன், பெர்லினுக்கு அவசரமாக வரவழைக்கப்பட்டவர். ஆசிரியர் பெயரை எழுதி, அடுத்த பத்திக்கு வந்து, நாடு என்ன என்று கேட்டார். 1936இல் இந்தியாவுக்கு ஆடித் தங்கம் வாங்கியவர், 1948இல் லண்டனில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவர் என்றேன். அவர் சிறிது நேரம் பென்சிலைப் பிடித்தபடி இருந்தார். பிறகு அந்தச் சிறிய கட்டத்துக்குள் இரண்டு நாட்டின் பெயரையும், ஒன்றின் கீழ் ஒன்றாக, நெருக்கி எழுதினார்.